பாட்டில்லாத படமா, பேச்சில்லாத படமா? எங்கள் வாசிகசாலையின் முதல் இரவுக்கு எது?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வாசிகசாலைக்கு இந்த வருசம் ஒரு புரொஜெக்டர் கிடைத்தது. கனடாவில் இருக்கிற ஊர்ப் பிள்ளை ஒருவர் வாங்கி அனுப்பினார். மாதம் ஒரு இரவு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள், கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவதென்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். ஒரேயொரு நிபந்தனை வைத்தோம். ரீவியில் நாளும் பொழுதும் ஓடுகிறதைப் போடுவதில்லை. எல்லாரும் போன தடத்தில் போகாத படங்கள், வந்த நேரத்தில் ஆள் சேராமல் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் தேடிப் பார்த்த படங்கள், அவைதான் வரவேண்டும். படம் மட்டுமென்றும் இல்லை. காமிக்ஸ், பாட்டு, எதுவும் வரலாம்.

முதல் இரவுக்கு எது என்பதில்தான் இழுபறி. எங்கள் ஐந்து பேருக்கும் ஐந்து விருப்பம். அதில் நான் இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூடமும் ஒரு துணியும் இருந்தால் உதவும்.

முதலில் கூடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவைக் கடைசியில் தீர்மானித்தது அதுதான். தகரக் கூரை. இரண்டு மின்விசிறி, இரண்டும் சத்தம் போடும். கடல் கிட்ட. ஐப்பசி பிறந்தால் மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேளாது. வருகிறவர்களோ ஒரு வகை ஆட்கள் அல்ல. பாய் கொண்டுவந்து முன்னுக்கு இருக்கிற சின்னப் பிள்ளைகள், சுவரோரக் கதிரையில் அம்மம்மாமார், காத்தான்குடியிலிருந்து புத்தகம் எடுக்க வருகிற மாணவர்கள், டச்பார் பக்கத்தில் ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள், அம்பாறையிலிருந்து மாற்றலாகி வந்து வாடகைக்கு இருக்கிற ஒரு சிங்களக் குடும்பம். இத்தனை பேருக்கும் பொதுவாக எதைப் போடுவது?

என் மருமகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கு வேறு பேச்சே இல்லை, ஆரண்ய காண்டம்தான். தியாகராஜன் குமாரராஜாவின் முதற்படம். தணிக்கைக் குழு 52 வெட்டுக் கேட்டது. படக்குழு மேலே போய் வாதாடியது. 2011இல் தியேட்டருக்கு வந்தபோது ஓடவில்லை. பிறகு அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் இந்திய தேசிய விருது கிடைத்தது. வடசென்னையில் ஒரே நாளில் நடக்கிற கதை; பாட்டே கிடையாது; யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை மட்டும். தன் சேவலோடு வருகிற குடிகாரத் தகப்பனும் அந்தச் சேவலுக்கு மேல் அறிவுள்ள மகனும் வருகிற பகுதி, தமிழில் தகப்பன் மகனைப் பற்றி வந்த ஆகச்சிறந்த பகுதிகளில் ஒன்றென்று நான் நம்புகிறேன். ஐந்து தெரிவிலும் எனக்கு ஆகப் பிடித்த படமும் இதுதான். ஆனால் வயது வந்தவர்களுக்கென்று சான்றிதழ் பெற்ற படம். இரத்தமும் தூஷணமும் உண்டு. முன்வரிசைப் பாயில் பிள்ளைகள் இருக்கிற கூடத்தில் இதைப் போடக் கூடாது. மருமகளிடம் சொன்னேன், "பிள்ளை, இது நாலு சிநேகிதரோட ஒரு வீட்டுக்குள்ள இருந்து பார்க்கிற படம்." அவள் முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டாள். இந்தத் தெரிவு அதோடு போயிற்று.

மிச்சம் இருந்ததில் நான் பிடித்துக்கொண்டு நின்றது 'அந்த நாள்'. 1954இல் ஏவிஎம் எடுத்த படம். இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், வீணை பாலச்சந்தர் என்று உலகம் அறிந்த அதே மனிதர். தமிழ்ப் படமென்றால் பாட்டுக் கோவை என்றிருந்த காலத்தில், இசையையே உயிராகக் கொண்டவர் ஒரு பாட்டும் இல்லாமல் படம் எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். பாட்டு வேண்டாத இடம் எதுவென்று பாட்டுக்காரனுக்குத்தான் தெரியும் போலும்.

படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். பராசக்தி வந்து இரண்டே வருசம். அந்தச் சிவாஜியை முதற்காட்சியிலேயே பிணமாக்கிவிட்டுக் கதையைத் தொடங்கத் துணிச்சல் வேண்டும். செத்தவர் ராஜன் என்ற வானொலி எஞ்சினியர். துப்பறிகிறவர் வந்து மனைவியை, தம்பியை, தம்பி மனைவியை, அயல்வீட்டுக்காரரை ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் ஒவ்வொரு ஆளாக எழும்பி நடக்கிறார். அகிரா குரோசாவாவின் ரஷோமோனைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டமைப்புப் பழக்கமாக இருக்கும். ஆனால் மனைவியாக வருகிற பண்டரிபாயின் முகத்தில் நடப்பது வேறு எந்தப் படத்திலிருந்தும் வந்ததல்ல.

நான் இதைப் பிடித்துக்கொண்டதற்கு ஊர்க் காரணமும் உண்டு. படம் நடப்பது 1943 ஒக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு அடுத்த நாள். அதற்கு ஒன்றரை வருசத்துக்கு முன், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் எங்கள் கடலில்தான் எச்எம்எஸ் ஹேர்மிஸ் கப்பலைத் தாழ்த்தின. விமானந்தாங்கிக் கப்பலாகவே முதன்முதல் வரைந்து கட்டத் தொடங்கிய கப்பல் அது. 300க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். இன்றும் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் சுழியோடிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். அந்தக் காலை கடலுக்கு அங்கால் இடி இடித்ததுபோல் கேட்டதென்றும், மழைக்காலமில்லாமல் ஏன் இடி என்று சனம் கரைக்கு ஓடினதென்றும் அப்பப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். சென்னைக்காரருக்கு அந்தப் படத்தில் வருவது பழைய செய்தி. எங்களுக்கு அது கூடத்து வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற கடல்.

இன்னொன்றும் இருக்கிறது. நாடும் வீடும் எதிரெதிரே நின்றால் ஒரு மனுசி எந்தப் பக்கம் நிற்பாள் என்பதுதான் படத்தின் மையம். முடிவை நான் சொல்லமாட்டேன். ஆனால் துரோகி என்ற சொல் அங்கே ஒரு வீட்டின் நடுவில் வந்து விழுகிறது. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல் விழுந்த வீடுகள் எத்தனை! இருட்டின பிறகு யார் கூப்பிட்டாலும் கதவு திறக்கப் பயந்த காலத்தைக் கண்டவர்கள்தான் அந்தச் சுவரோரக் கதிரைகளில் இருப்பார்கள். படம் முடிந்து லைற் போட்டதும் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியவில்லை. யாரும் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போகலாம். அல்லது முப்பது வருசமாகப் பேசாதது ஒன்று அன்றைக்கு வெளியே வரலாம். இரண்டுக்கும் நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆளையாள் சரியாகப் பழகாத முதல் இரவில் அந்தப் பாரத்தை ஏற்றலாமா என்று ரீச்சரம்மா கேட்டது சரியான கேள்வி. எங்கள் வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். "தம்பி, அந்தப் படத்தை நான் பாக்கத்தான் வேணும். ஆனா கிட்ட இருக்கிறவ ஆரெண்டு தெரிஞ்ச பிறகு பாக்கிறன்" என்றார்.

அதுக்கு மேல் காதுப் பிரச்சினை. எழுபது வருசப் பழைய ஒலி. படம் முழுக்க வாக்குமூலம், ஒரு வசனம் தவறினால் கதை கைவிட்டுப் போகும். மார்கழி மழையில் எங்கள் தகரத்துக்குக் கீழே 'அந்த நாள்' படத்தைப் போட்டால் வாய் அசைவதைத்தான் பார்க்கலாம்.

மச்சான் கேட்டது 'பேசும் படம்'. பேர்தான் அப்படி. அவர் கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். நாள் முழுக்க இரைச்சலோடு வாழ்கிற மனிதர் பேச்சே இல்லாத படத்தைக் கேட்டது முதலில் எனக்கு விளங்கவில்லை. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது. கன்னடத்தில் புஷ்பக விமானம் என்று பேர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு வசனமும் கிடையாது. ஊமைப் படமல்ல, தெருச் சத்தம், கதவுச் சத்தம், எல். வைத்தியநாதனின் இசை எல்லாம் உண்டு, பேச்சு மட்டும் இல்லை. வேலையில்லாமல் அலைகிற பெடியன் ஒருவன், குடிவெறியில் விழுந்து கிடந்த பணக்காரரைக் கட்டி வைத்துவிட்டு, பெங்களூரின் பெரிய ஹோட்டலில் அவருடைய அறைக்குள் அவராகப் போய் இருக்கிறான். கமல் நடித்தது. மாயவித்தைக்காரரின் மகளாக அமலா. ஐஸில் கத்தி செய்து கொல்லத் திரிகிற ஆளாக டினு ஆனந்த்.

எனக்கு ஆகப் பிடித்த இடம் இது. பெடியன் முன்பு இருந்த மலிவு லொட்ஜ் ஒரு தியேட்டருக்குப் பக்கத்தில். படச் சத்தத்துக்குள்ளேயே படுத்துப் பழகினவனுக்கு ஹோட்டலின் அமைதியில் நித்திரை வரவில்லை. அதனால் பழைய இடத்துக்குப் போய் அந்த இரைச்சலை ரேப்பில் பதிந்து கொண்டுவந்து, போட்டுக் கேட்டபடி நித்திரை கொள்கிறான். யுத்தம் ஓய்ந்த புதிதில், இரவில் ஒரு சத்தமும் இல்லாமல் போனதால் நித்திரை வராமல் புரண்டவர்களை நான் அறிவேன். சிரிக்க வைக்கிற காட்சிதான், எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

பரீட்சித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் போட்டோம். பக்கத்து வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு பெடியன், பிறவியிலேயே காது கேளாது. வழமையில் படம் ஓடும்போது பத்து நிமிசத்தில் எழும்பிப் போய்விடுவான். மற்றவர்கள் சிரித்த பிறகு ஏன் சிரித்தார்களென்று ஆளாளாகப் பார்ப்பான். அன்றைக்கு அவன் எழும்பவேயில்லை. பிச்சைக்காரர் ஒருவர் செத்துக் கிடக்க, அவர் சேர்த்து வைத்த காசுக்குச் சனம் அடிபடுகிற காட்சியில் எங்களுக்கு முன்னமே அவன் முகம் மாறியது. ரேப் காட்சியை அவன் கையால் தாயாருக்கு விளங்கப்படுத்தினான். அம்பாறைக் குடும்பத்து அம்மாவும் அன்று வந்திருந்தார். எந்த இடத்திலும் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

குறை இல்லையா என்றால் உண்டு. நடுவில் கொஞ்சம் இழுவை. கட்டி வைத்த மனிதரை வைத்துச் செய்கிற பகிடி சில, அம்மம்மாமார் முன்னால் கூச்சமாக இருக்கும். 'அந்த நாள்' போல நெஞ்சில் கல் வைத்துவிட்டுப் போகாது. ஆனால் பேச எதுவுமே இல்லாத படமென்று சொல்ல ஒண்ணாது. 2017இல் எங்கள் காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் இருந்த சத்தியாக்கிரகம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் எங்கள் வாசிகசாலை உறுப்பினர்கள். ஹோட்டல் அறையைத் திருடின பெடியனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அறிய எனக்கு ஆசை.

காமிக்ஸைக் கேட்டவர் ரீச்சரம்மாதான். வாசிகசாலை அலுமாரிக்கு மேல் ஒரு பெட்டி இருக்கிறது: முத்து, லயன், ராணி. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. கரண்டில் கை வைத்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற அந்த ஆளின் கதை இங்கிலாந்தில் 1962இல் வந்தது. அங்கே அவரை இன்றைக்கு நினைவு வைத்திருப்பவர்கள் கொஞ்சப்பேர், தமிழில்தான் அவர் சாகாமல் இருக்கிறார். ஸ்பைடரும் அப்படித்தான். குற்றவாளிகளின் ராஜாவாகத் திரிந்த அந்தக் காது நீண்ட மனிதனின் கதைகளை எழுதியவர்களில் ஒருவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத இரவுகளில் குப்பி விளக்கில் ஒரு ராணி காமிக்ஸை எட்டுப் பேர் வாசித்தோம். கைமாறிக் கைமாறிக் கடைசி இரண்டு பக்கம் கிழிந்து போயிருக்கும். முடிவை நாங்களே ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொள்வோம். பிறகு முழுப் புத்தகம் கிடைத்து உண்மையான முடிவை வாசித்தபோது, எங்கள் பெரியப்பா மகன் சொன்ன முடிவே நல்லதென்று எல்லாரும் சொன்னோம்.

ஆனாலும் காமிக்ஸ் ஒரு கூடத்துக்கு ஆனதல்ல. துணியில் பெரிதாக்கிக் காட்டினால் அதன் உயிர் போய்விடும். அது மடியில் வைத்து, பக்கத்தைத் திருப்பிப் பின்னுக்குப் போய் மறுகா பார்க்கிறதற்கு. அதனால் பெட்டியை வாசலில் ஒரு வாங்கில் வைத்து, ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொடுத்துவிடுவதென்று தீர்த்தோம். சாதாரணதரம் படிக்கிற பிள்ளைகளுக்கென்று மர்ஜானே சத்ராபியின் பெர்சிபோலிஸும் வாங்க வேண்டும். ஈரானில் புரட்சிக்கும் போருக்கும் நடுவில் வளர்ந்த சிறுமியின் கதை, தமிழிலும் வந்திருக்கிறது. குண்டுச் சத்தத்துக்குள் பள்ளிக்கூடம் போன தாய்மாருடைய பிள்ளைகளுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடைசித் தெரிவு எங்கள் சேருடையது, அவர் இசை படிப்பித்தவர். அவர் சொன்னார்: "படமெல்லாம் ஊருக்கு வெளியில இருந்து கொண்டு வாறீங்கள். ஆற்றுக்கு இங்கால நாலு வீடு தள்ளி இருக்கிறதக் கேட்டிருக்கிறீங்களா?" பறங்கியரின் ஆட்டப்பாட்டான கஃப்ரிஞ்ஞாவைச் சொன்னார்.

போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருசத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பத்து வருசத்தின் மொழி ஏறக்குறைய நானூறு வருசமாக எங்கள் பறங்கியர் வீடுகளில் இருக்கிறது. கலியாண வீட்டில் வயலினும் மண்டலினும் ரம்பரினும் வைத்து அந்த மொழியில் பாடி ஆடுவது கஃப்ரிஞ்ஞா. ஆறெட்டுத் தாளம், கேட்டவுடன் கால் தானாக ஆடும். இலங்கை முழுக்க ஆடுகிற பைலாவுக்கு இது தாய்வழி. நிதி கனகரத்தினத்தின் சின்ன மாமியே, ஏ. ஈ. மனோகரனின் சுராங்கனி என்று எழுபதுகளில் தமிழ்ப் பொப்பிசை எழும்பியபோது அதன் அடியில் ஓடியதும் இந்த அடிதான். உலகமெல்லாம் சுராங்கனி பாடுகிறது, அது பிறந்த தாளத்தின் வேரைக் கல்லடிப் பாலத்துக்கு இரு பக்கமும் இருக்கிற நாங்கள் கேட்டதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ என்ற மொழியியலாளரின் குழு வந்து இந்தப் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து ஆவணகத்தில் வைத்திருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கேட்டிருக்கிறார்கள்.

2004 சுனாமி டச்பாரில் அந்தச் சமூகத்தைத்தான் கடுமையாக அடித்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள், பாட்டுத் தெரிந்தவர்கள் பலர் போனார்கள். மிச்சம் இருப்பவர்களில் வயலின் வாசிக்கிற ஒரு பெரியவரிடம் சேரும் நானும் போனோம். பதிவைத் துணியில் போடலாமா என்று கேட்கத்தான் போனோம். அவர் பெட்டியைத் திறந்து தந்திகளைச் சரிசெய்து ஒரு சுற்று வாசித்தார். இரண்டு நிமிசம்கூட இராது. சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் எனக்கு ஒன்று தெளிவாயிற்று: ஆளே இருக்கும்போது பதிவைப் போடுவது பிழை. அவர் வரவேண்டும், அவருடைய பேரப்பிள்ளைகள் ரம்பரினோடு வரவேண்டும், நாங்கள் கதிரைகளை ஓரமாக்கி ஆட இடம் விட வேண்டும். ஸ்பீக்கரும் வேண்டாம், மழையும் கூடாது. அந்த இரவுக்குக் கூடத்தின் உள்பக்கம் போதாது, முற்றம் வேண்டும்.

இப்படி நிறுத்துப் பார்த்தால் எது நல்லது என்ற கேள்வி எனக்குள் கரைந்து போயிற்று. எந்த மாதத்தில், யாருடைய காதுக்கு என்பதுதான் மிஞ்சியது. மார்கழியில் தகரத்தில் மழை கொட்டும்போது 'பேசும் படம்'. எவருக்கும் எதுவும் தவறாது. அதற்கு முன் பிள்ளைகளுக்கென்று சிவப்பு பலூன், 1956இல் அல்பேர் லமொரீஸ் எடுத்த 34 நிமிசப் பிரெஞ்சுப் படம். அதிலும் பேச்சு அருமை, ஒரு சிறுவனும் அவன் பின்னால் வருகிற ஒரு பலூனும்தான். மாசி கழிந்து மழை ஓய்ந்ததும் முற்றத்தில் கஃப்ரிஞ்ஞா. அதற்குள் நாலு முறை ஒன்றாக இருந்திருப்போம், கிட்ட இருக்கிறவ யாரென்று ரீச்சரம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அப்போது ஏப்ரல் வரும். 9ஆம் திகதிக்குக் கிட்டிய சனிக்கிழமை, கடலோரக் கதவுகளைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு 'அந்த நாள்'. அந்த ஒரு இரவுக்கு மட்டும் போயாக் கணக்கை விட்டுக்கொடுக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். காசு வாங்காத காட்சிதான், இருந்தாலும் படங்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கு எழுதிக் கேட்கிற பொறுப்பு மருமகளுடையது. இரண்டு கடிதம் போய்விட்டது.

என் படம் நாலு மாதம் பின்னுக்குப் போனதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மார்கழிப் போயாவுக்கு முதல் நாள், இரவு ஏழு மணி. பாய் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள், தரை ஈரமாக இருக்கும். முன்வரிசையில் நடு இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு.